முதலாளி காசில் நடக்கும் விசாரணை: சேலத்து அணிகளுக்கு எது சரிப்படும்?

அணிக்குள் ஒரு அசிங்கம் வெளியே வந்த மறுநாள், முதலாளி விடும் அறிக்கையில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: "சுயாதீனமான உள்விசாரணைக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம்." அந்த வரிக்குப் பின்னால் இருப்பது காசு கொடுத்து வாங்கும் ஒரு சேவை. அதில் வகைகள் இருக்கின்றன, தரம் குறைந்தது இருக்கிறது, போலியும் இருக்கிறது. சேலம் பக்கம் கபடிக்கும் வாலிபாலுக்கும் கிரிக்கெட்டுக்கும் அணி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலை, நூற்பாலை, பஸ் கம்பெனி, கல்லூரி என்று ஏதாவது ஒன்று நடத்துகிறவர்கள். ஆலைக்கு மோட்டார் எடுக்கப் போனால் காயில் செம்பா அலுமினியமா என்று கேட்டு, பிரித்துப் பார்த்து வாங்குவார்கள். விசாரணையை மட்டும் யாரோ ஒருவர் சொன்னார் என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். அந்தச் சேவை இங்கே எந்தெந்த வடிவில் கிடைக்கிறது, எதில் எங்கே ஓட்டை விழுகிறது என்பதே இந்த மதிப்பீடு.

வாங்கவே கூடாத சமயங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாதவர், விஷயம் பாலியல் சம்பந்தப்பட்டது என்றால் உள்விசாரணை என்ற பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, தெரிந்த உடனே காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21-ஆவது பிரிவு இருக்கிறது. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. "உண்மையா என்று விசாரித்துவிட்டுப் போகலாம்" என்று பத்து நாள் எடுத்துக்கொண்ட முதலாளி அந்தப் பத்து நாளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பள்ளி ஹாஸ்டல்களில் தங்கிப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் நம் அணிகளில் அதிகம். ஆகவே வயதுச் சான்றிதழைப் பார்ப்பது முதல் வேலை. அனைத்து மகளிர் காவல் நிலையமும் குழந்தைகள் உதவி எண் 1098-உம் அடுத்த வேலை.

இரண்டாவது, 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். மைதானமும் பயிற்சி முகாமும் எப்படிப் பணியிடமாகும் என்று கேட்கிறார்கள். விளையாட்டு நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம், தங்கிப் பயிற்சி எடுக்கும் இடம் எல்லாமே அந்தச் சட்டத்தின் விளக்கத்திலேயே பெயர் சொல்லி வருகின்றன. சம்பளம் வாங்காத வீராங்கனையும் புகார் கொடுக்கலாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார் குழு கட்டாயம்: தலைமையில் ஒரு மூத்த பெண் பணியாளர், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அதிலிருந்து 10 நாளில் அறிக்கை, அறிக்கை கிடைத்து 60 நாளில் நடவடிக்கை. எவ்வளவு பெரிய வக்கீல் அலுவலகத்தை அமர்த்தினாலும் அது இந்தக் குழுவின் இடத்தைப் பிடிக்க முடியாது. 10 பேருக்குக் குறைவாக இருந்தாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, அது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். முதலாளி மேல் வந்த புகாருக்கு முதலாளியே ஆள் அமர்த்தி விசாரிப்பது இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

மீதி இருப்பவை ஏராளம். செலக்‌ஷனுக்குப் பணம் வாங்கியது, மேட்ச்சை விட்டுக்கொடுத்தது, பயிற்சியாளர் அடித்தது, சாதி சொல்லித் திட்டியது, ஸ்பான்சர் பணம் காணாமல் போனது, ஒரு புகார் வந்தும் மேலே இருப்பவர்கள் மூடி மறைத்தது. இந்தச் சேவை இதற்கெல்லாம்தான்.

வெளியே வாங்கியவர்கள் எப்படி வாங்கினார்கள் என்று பார்த்தால் தரம் புரியும். அமெரிக்காவில் டல்லாஸ் மாவரிக்ஸ் கூடைப்பந்து அணியில் பெண் ஊழியர்களுக்கு நடந்த கொடுமைகள் 2018 பிப்ரவரியில் பத்திரிகையில் வந்தன. உரிமையாளர் மார்க் கியூபன் வெளியிலிருந்து வழக்கறிஞர்களை அமர்த்தினார். நியூ ஜெர்சி மாநிலத்தின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஆன் மில்கிராம் அதில் ஒருவர். 215 பேரிடம் பேசினார்கள், 16 லட்சம் ஆவணங்களைப் பார்த்தார்கள், ஏழு மாதத்தில் அறிக்கை பொதுவெளிக்கு வந்தது. கியூபனையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். நிர்வாகம் எங்கே தவறியது என்பது அறிக்கையில் எழுத்தாகவே வந்தது. பெண்கள் முன்னேற்ற அமைப்புகளுக்கு 1 கோடி டாலர் தர அவர் ஒப்புக்கொண்டார். காசு கொடுத்தவரையும் கேள்வி கேட்ட விசாரணை என்ற வகையில் இதற்கு நல்ல மதிப்பெண் தரலாம்.

வாஷிங்டன் கால்பந்து அணியின் கதை வேறு. அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன். 2020 ஜூலையில் இதே மாதிரிச் செய்தி வந்ததும் உரிமையாளர் டேன் ஸ்னைடர் வழக்கறிஞர் பெத் வில்கின்சனை அமர்த்தினார். சில வாரங்களில் லீக் அந்த விசாரணையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2021 ஜூலை 1-ஆம் தேதி அணிக்கு 1 கோடி டாலர் அபராதம் என்று அறிவித்தார்கள். அறிக்கையைக் கேட்டால், எழுத்தில் எதுவும் இல்லை, வாய்மொழியாகச் சொல்லப்பட்டது என்றார்கள். பேசிய பெண்களுக்குத் தாங்கள் சொன்னது எங்கே போனது என்றே தெரியவில்லை. விஷயம் அடங்கவும் இல்லை. நாடாளுமன்றக் குழு புகுந்தது. 2022 பிப்ரவரியில் உரிமையாளர் மேலேயே புதிய குற்றச்சாட்டு வந்தபோது அணி மறுபடியும் சொந்தமாக ஆள் அமர்த்துவதாக அறிவித்தது. அணி தன்னைத் தானே விசாரிக்க முடியாது என்று லீக் அன்றைக்கே தடுத்துவிட்டது. லீக் அமர்த்திய மேரி ஜோ வைட்டின் அறிக்கை 2023 ஜூலையில் எழுத்தில் வெளியானது, ஸ்னைடருக்கு 6 கோடி டாலர் அபராதம் விழுந்தது. மூன்று ஆண்டு, இரண்டு விசாரணை. முதல் தடவையே எழுத்தில் வாங்கியிருந்தால் அந்தப் பெண்கள் இரண்டாம் முறை வாய் திறக்க வேண்டியிருந்திருக்காது.

சிகாகோ பிளாக்ஹாக்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 2021 அக்டோபரில் வெளியிட்டது 107 பக்க அறிக்கை. 139 பேரிடம் பேசியிருந்தார்கள். 2010-இல் ஒரு வீரருக்குப் பயிற்சிக் குழுவில் இருந்த ஒருவர் செய்த கொடுமை மேலிடத்துக்குத் தெரிந்தும், கோப்பைப் போட்டி முடியட்டும் என்று மூன்று வாரம் கிடப்பில் போட்டார்கள் என்பது எந்த நாள், எந்த அறை, யார் யார் இருந்தார்கள் என்ற அளவுக்கு அதில் இருந்தது. நாள் சொல்லி, ஆள் சொல்லி எழுதுவது எப்படி என்று பார்க்க இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

நம் வீட்டுக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் கிரிக்கெட் வாரியம் ஓய்வுபெற்ற இரண்டு நீதிபதிகளை வைத்துத் தானே ஒரு குழு போட்டது. ஜூலை கடைசியில் அந்தக் குழு, ஆதாரம் இல்லை என்றது. ஓரிரு நாளில், ஜூலை 30 அன்று, குழுவை அமைத்த விதமே சட்டவிரோதம் என்று மும்பை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு உச்ச நீதிமன்றம் முத்கல் குழுவை அமைத்தது, அடுத்து லோதா குழு, 2015 ஜூலையில் சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டாண்டுத் தடை. விசாரித்தவர்கள் நீதிபதிகள்தான். தகுதியில் குறை சொல்ல முடியாது. அமர்த்திய விதத்தில் விழுந்த குறை எல்லாவற்றையும் கவிழ்த்தது.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: விசாரணையின் தலையெழுத்து முதல் சாட்சி வருவதற்கு முன்பே, நியமனக் கடிதத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

இனி சேலத்தில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. ஆலைகளில் தொழிலாளி மேல் நடக்கும் துறை விசாரணைக்கு இவர்களை அமர்த்திப் பழக்கம் உண்டு. அதனால் எளிதாகக் கிடைப்பவர்கள். சிட்டிங் கணக்கில் கட்டணம். சாட்சி சொன்னதைத் தமிழிலேயே எழுதி, படித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கும் ஒழுங்கு இவர்களுடைய பெரிய பலம். பலவீனம், நீதிமன்றத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது. புகார் சொன்ன பிள்ளையை எதிரே பயிற்சியாளரை வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்ய விடுவார்கள். தனி உதவியாளர் இருக்க மாட்டார். ஆவணமும் செல்போனும் வந்தால் திணறுவார்கள். பத்து சாட்சிக்கு உட்பட்ட, பணம் சம்பந்தப்படாத விஷயத்துக்கு நல்ல தேர்வு. ஒரு பெண் வழக்கறிஞரைக் கூட உட்கார வைத்தால் இன்னும் நல்லது.

சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து வரும் வக்கீல் அலுவலகம். மணிக்கணக்கில் பில். ஆவணங்களை அடுக்குவது, காலவரிசை போடுவது, அறிக்கை எழுதுவது மூன்றிலும் இவர்களை அடிக்க ஆளில்லை. சிக்கல் இரண்டு. சொல்ல வருகிற பெரிய பெயர் கடிதத்தில் மட்டும் இருக்கும், ஓமலூருக்கும் வாழப்பாடிக்கும் வந்து பேசுவது இரண்டு வருட அனுபவமுள்ள ஜூனியர். யார் நேரில் பேசுவார் என்று பெயரோடு கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும். அடுத்தது மொழி. அதைப் பற்றிக் கீழே விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் செய்யும் தடயவியல் தணிக்கை. பணம் காணாமல் போன விஷயத்துக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஜெர்சி பில், டயட் பணம், பயணப்படி எல்லாவற்றையும் வங்கிக் கணக்கோடு ஒட்டிப் பார்ப்பார்கள். வேன் டீசல் பில்லையும் ஃபாஸ்டேக் கணக்கையும் பக்கத்தில் வைத்தால், திருச்சிக்குப் போனதாகக் கணக்கெழுதிய அன்றைக்கு வேன் ஓமலூர் டோலைத் தாண்டி எதிர்த்திசையில் போயிருப்பது தெரிந்துவிடும். அணி கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் 2023 ஏப்ரல் 1-இலிருந்து கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் கட்டாயம். யார், எந்தத் தேதியில், எந்த வவுச்சரை மாற்றினார் என்று பார்க்கலாம். சங்கமாகவோ டிரஸ்டாகவோ இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. அப்போது கையெழுத்து நோட்டும் வங்கியும்தான் கதி. அணியின் வழக்கமான ஆடிட்டரை இதற்கு வைக்கவே கூடாது. அவர் கையெழுத்துப் போட்ட கணக்கை அவரே தவறென்று எழுத மாட்டார்.

தனியார் துப்பறியும் ஏஜென்சிகள் என்று ஒரு வகை சுற்றுகிறது. "கால் டீடெயில் எடுத்துத் தருகிறோம்" என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அழைப்பு விவரங்களைக் கேட்டு வாங்க காவல்துறை, நீதிமன்றம் போலச் சட்ட அதிகாரம் உள்ளவர்களால் மட்டுமே முடியும். வேறு வழியில் எடுப்பது குற்றம். எடுத்துக் கொடுத்தவரோடு வாங்கிய முதலாளியும் மாட்டுவார். அதோடு நல்ல விசாரணையும் நாறிவிடும்.

முதலாளியின் குடும்ப வக்கீல், சம்பந்தி, சங்கத்தின் பழைய தலைவர் நடத்தும் விசாரணையைச் சேவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நியமனக் கடிதத்துக்கு வருவோம். இங்கே நேரம் செலவழிப்பது வீணே ஆகாது. கடிதத்தில் அமர்த்துபவராக முதலாளியின் பெயர் தனியாக இருக்கக் கூடாது. நிர்வாகக் குழுவில் குற்றச்சாட்டுக்குச் சம்பந்தமில்லாத மூன்று பேர் கையெழுத்துப் போடட்டும், அதில் ஒருவர் வீரர்கள் தரப்பில் வந்தவராக இருக்கட்டும். விசாரிக்கும் காலத்தை இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று எழுத வேண்டும். "அண்மைச் சம்பவம்" என்று எழுதினால் பழைய புகார்கள் வெளியே நின்றுவிடும். விசாரிக்கப்படக்கூடியவர்களில் உரிமையாளர், அவர் குடும்பத்தார், மேலாளர் எல்லோரும் அடங்குவார்கள் என்று தனி வரி வேண்டும். அணி கொடுத்த ஃபோன், மெயில், கணக்கு மென்பொருள், சிசிடிவி எல்லாவற்றுக்கும் கேட்ட அன்றே அனுமதி என்று ஒரு வரி. விலகிப் போன ஊழியர்கள், வீரர்களிடம் எழுதி வாங்கிய ரகசிய ஒப்பந்தம் இந்த விசாரணைக்குப் பொருந்தாது என்று ஒரு வரி; அதை அவர்களுக்குத் தபாலில் அனுப்பவும் வேண்டும். இல்லாவிட்டால் பேசினால் கேஸ் வரும் என்று பயந்து யாரும் வர மாட்டார்கள்.

கட்டணத்தைத் தவணைகளாகப் பிரித்து, கண்டுபிடிப்பு எதுவானாலும் கொடுக்கப்படும் என்று எழுதுங்கள். பாதியில் நிறுத்தும் உரிமை முதலாளிக்கு இருந்தால், நிறுத்திய காரணத்தை எழுத்தில் லீக்குக்கோ மாவட்டச் சங்கத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டும். அறிக்கை எழுத்தில், ஒரே நாளில், ஒரே மாதிரி பிரதிகளாக மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: நிர்வாகக் குழு, மேல் சங்கம், புகார்தாரர் குறிப்பிடும் ஒருவர். வரைவு அறிக்கையை முதலாளியிடம் முன்கூட்டிக் காட்டும் வழக்கம் இருக்கிறது. "தகவல் பிழை திருத்த" என்பார்கள். அதற்கு ஒத்துக்கொண்டால் திருத்தப்படுவது தகவலாக மட்டும் இருக்காது. 2014-இல் உலகக் கால்பந்துச் சம்மேளனத்துக்காக மைக்கேல் கார்சியா எழுதிய அறிக்கையை மறைத்துவிட்டு, வேறொருவர் எழுதிய 42 பக்கச் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டார்கள். தன் அறிக்கையில் இருப்பதை அது சரியாகச் சொல்லவில்லை என்று எழுதியவரே அன்றைக்கே மறுத்தார், அடுத்த மாதம் பதவியை விட்டுப் போனார். முழு அறிக்கை வர 2017 ஆனது. ஆகவே சுருக்கம் என்று ஒன்று வெளியிடுவதானால் அதையும் விசாரித்தவரே எழுத வேண்டும் என்று சேருங்கள்.

ஒரு நியாயமான தடை உண்டு. பணியிடச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, புகாரின் விவரத்தையும் பெயர்களையும் விசாரணை நடவடிக்கைகளையும் வெளியிடத் தடை செய்கிறது. அதைச் சாக்காக வைத்து மொத்த அறிக்கையையும் பெட்டியில் பூட்டுகிறார்கள். அந்தச் சட்டத்தில் வரும் புகார் தனியாக உள் புகார் குழுவின் கோப்பில் இருக்கட்டும். நிர்வாகம் எங்கே தவறியது, எந்தத் தேதியில் யாருக்குத் தெரிந்தது, என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதை யாருடைய அடையாளமும் தெரியாதபடி இரண்டாம் தொகுதியாக எழுத வாங்கினால் அதை வெளியிடலாம். இரண்டு தொகுதி என்று கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கையெழுத்தான அன்று தொடங்க வேண்டியது ஆதாரத்தைக் காப்பது. சிசிடிவி பதிவுப் பெட்டி பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும். கேமரா எண்ணிக்கையையும் ஹார்டு டிஸ்க் அளவையும் பொறுத்துச் சில வாரம்தான் தாங்கும். முதலில் பெட்டியின் திரையில் காட்டும் நேரத்தையும் உண்மையான நேரத்தையும் குறித்துக்கொண்டு போட்டோ எடுக்க வேண்டும். பத்து நிமிடம், சில இடங்களில் ஒரு மணி நேரம்கூட ஓடிப்போயிருக்கும். அதைக் குறிக்காமல் விட்டால் "அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை" என்று ஒரே வரியில் தப்பித்துவிடுவார்கள். பிறகு பெட்டியை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, சீல் வைத்து, டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுத விடாத தடுப்பான் கருவி வழியாக நகல் எடுத்து, பதிவு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும். 2024 ஜூலை 1-இலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழில் அந்த மதிப்பு கேட்கப்படுகிறது. சான்றிதழுக்கு இரண்டு பாகம்: ஒன்று கருவியை வைத்திருந்தவர் தருவது, இன்னொன்று நிபுணர் தருவது. நாளைக்கு விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால் இந்தக் காகிதம் இல்லாத பென்டிரைவ் வெறும் பென்டிரைவ்தான்.

வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிக்கும் வசதி அனுப்பியதிலிருந்து இரண்டரை நாள் வரை இருக்கிறது. மறையும் செய்தி 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைத்திருப்பார்கள். ஆகவே தாமதம் செய்யச் செய்ய ஆதாரம் குறைகிறது. ஸ்கிரீன்ஷாட் வழிகாட்டும், ஆனால் தனியாக நிற்காது. எந்த ஃபோனில் வந்ததோ அந்த ஃபோன் வேண்டும். வீராங்கனைகள் புது ஃபோன் வாங்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுகிறார்கள், கூடவே ஆதாரமும் போய்விடுகிறது. புகார் வந்த அன்றே அதைச் சொல்லிவிட வேண்டும். அணியின் ஃபோன் என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஆஃப் ஆகாமல் சார்ஜில் வைத்து, நகல் எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். சொந்த ஃபோனை யாரிடமிருந்தும் பிடுங்க இந்த விசாரணைக்கு அதிகாரம் கிடையாது. எழுத்தில் சம்மதம் வாங்கி, எந்த உரையாடல், எந்தத் தேதி என்று வரையறுத்துத்தான் பார்க்க முடியும்.

சாட்சிகளைச் சந்திக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா வைத்திருக்கும் முதலாளிகள், "மேலே அமைதியா இருக்கும், அங்கேயே வெச்சுக்கலாம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, முதலாளியின் காரில் வந்து, முதலாளியின் சமையல்காரர் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு ஒரு பெண் என்ன சொல்வாள்? பாதியில் எழுந்து போக நினைத்தால் அடுத்த பஸ்ஸுக்கு ஏரிப் பக்கம் வரை நடக்க வேண்டும். புதிய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், அணிக்கும் கல்லூரிக்கும் சம்பந்தமில்லாத சிறிய கூட்ட அறை போதும். வருபவரும் போகிறவரும் சந்தித்துக்கொள்ளாதபடி ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே அரை மணி நேரம் விட வேண்டும். கேட்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், இருவரில் ஒருவர் பெண். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. பஸ் செலவும் அன்றைய கூலி இழப்பும் ரசீதோடு கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் சாட்சியை விலைக்கு வாங்கியதாகிவிடும்.

மொழி விஷயம். "சார் தப்பா நடந்துக்கிட்டார்" என்று ஒரு பிள்ளை சொல்லும். கெட்ட வார்த்தை சொன்னதும் அதுதான், தொட்டதும் அதுதான், அறைக்கு வரச் சொன்னதும் அதுதான். "கை வெச்சார்" என்றால் அடித்தார் என்றும் இருக்கும், தொட்டார் என்றும் இருக்கும். பணப்பெட்டி பற்றிய பேச்சில் வந்தால் திருடினார் என்று பொருள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொன்னாங்க" என்பதில் சொன்னது யார், எதை அட்ஜஸ்ட் பண்ண என்ற இரண்டும் தொக்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் நேரடியாக டைப் அடிக்கும் ஜூனியர் இதையெல்லாம் ஒரே சொல்லில் அடைத்துவிட்டுப் போய்விடுவார். அறிக்கை வந்த பிறகு எதிர்த்தரப்பு அந்த ஒரு சொல்லைப் பிடித்து ஆட்டும். சொன்னதை அப்படியே தமிழில், பேச்சு வழக்கிலேயே எழுதி, "என்ன செஞ்சார்? எந்தக் கை? எங்க நின்னுட்டிருந்தீங்க?" என்று பொறுமையாகக் கேட்டு, அடுத்த வரியில் பதிலை எழுத வேண்டும். சேலத்தில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசுகிறவர்களும் நிறைய. மனசு கலங்கும்போது அந்த மொழிக்குப் போய்விடுவார்கள். அது தெரிந்த ஆள் கையில் இருக்க வேண்டும்.

யாரை முதலில் கூப்பிடுவது என்பதிலும் கைப்பழக்கம் தெரியும். புகார்தாரருக்கு அடுத்து மேலாளரைக் கூப்பிடுகிறவர்களுக்கு வேலை தெரியவில்லை என்று பொருள். வேன் டிரைவர் அண்ணன், சமையல் அக்கா, கிரவுண்ட்மேன், ஹாஸ்டல் வார்டன், பிசியோ: இவர்களுக்குத்தான் யார் எந்த ராத்திரி எங்கே இருந்தார் என்று தெரியும். அதன் பிறகு விலகிப் போனவர்கள். பிறகு இப்போது இருப்பவர்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கடைசியில். ஆனால் அவருக்குக் குற்றச்சாட்டை எழுத்தில் முன்கூட்டியே கொடுத்து, பதில் எழுத நாள் கொடுத்து, அவர் சொல்லும் சாட்சிகளையும் கேட்டாக வேண்டும். இதைத் தவறவிட்ட அறிக்கை எவ்வளவு உண்மையாக இருந்தாலும் நீதிமன்றத்தில் நிற்காது.

சாட்சிகள் ஏன் வருவதில்லை என்று விசாரிப்பவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தறி ஓட்டும் வீட்டிலிருந்தும் மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போகும் வீட்டிலிருந்தும் வரும் பிள்ளைக்கு அந்த வேலைக்குக் காட்ட வேண்டிய விளையாட்டுச் சான்றிதழ்தான் விளையாட்டின் மொத்த அர்த்தம். பயிற்சியாளர் செலக்‌ஷனில் பெயரை எழுதாவிட்டால் போட்டி இல்லை, போட்டி இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. ஆகவே விசாரணை முடியும் வரை குற்றம் சாட்டப்பட்டவரைத் தேர்வுக் குழுவிலிருந்து விலக்கி வைப்பதும், பழைய சான்றிதழ்களில் கையெழுத்துப் போட மாற்று ஆளை ஏற்பாடு செய்வதும் விசாரணையைத் தொடங்கும் முன்பே நடந்திருக்க வேண்டும். இதைக் கேட்காமல் வேலையை ஒப்புக்கொள்ளும் வக்கீல் அலுவலகம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

அறிக்கை கையில் வந்ததும் பார்க்க வேண்டியவை. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக முடிவு இருக்கிறதா: நிரூபணமானது, ஆகவில்லை, முடிவு சொல்ல ஆதாரம் போதவில்லை. எந்த அளவுகோலில் நிரூபணம் என்று எழுதியிருக்கிறாரா? குற்ற வழக்கின் "சந்தேகத்துக்கு இடமின்றி" இங்கே பொருந்தாது. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். கேட்டும் வராதவர்கள், கேட்டும் தராத ஆவணங்கள் பட்டியலாக இருக்கின்றனவா? அந்தப் பட்டியல் இல்லாத அறிக்கையில் எதையோ மறைத்திருக்கிறார்கள். "தகவல் தொடர்பில் இடைவெளி", "கலாச்சார மேம்பாடு தேவை" என்று பக்கம் பக்கமாக இருந்து, ஒரு தேதியும் ஒரு பதவியும் இல்லையென்றால் பணம் வீண். பரிந்துரைகளுக்கு நேரே பொறுப்பாளரும் கெடுவும் இருக்க வேண்டும்.

யாருக்கு எதைச் சிபாரிசு செய்யலாம்? பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் ஊர் அணிக்கு இந்தச் சேவையே தேவையில்லை. உள்ளூர்க் குழுவும் காவல் நிலையமும் செலவில்லாமல் இருக்கின்றன. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கம் என்றால் 36-ஆவது பிரிவில் பதிவாளரே விசாரிக்க வழி உண்டு. சம்பளப் பட்டியல் வைத்து லீக் ஆடும் நடுத்தர அணிக்கு வெளி மாவட்டத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு பெண் வழக்கறிஞர், பணம் கலந்திருந்தால் வெளியாள் ஒரு ஆடிட்டர், டிஜிட்டல் நகலுக்கு ஒருவர் என்ற கூட்டணியே எங்கள் முதல் தேர்வு. மேலிடம் மூடி மறைத்தது, பல ஆண்டு, பல ஊர் என்று விஷயம் விரிந்தால் மட்டும் பெரிய வக்கீல் அலுவலகம்.

கட்டணத்தின் கடைசித் தவணையை அறிக்கை தந்த நாளோடு முடிக்காமல், ஆறு மாதம் கழித்து ஒரு நாள் வேலைக்கு என்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அன்று விசாரித்தவர் மறுபடி வந்து இரண்டு காகிதத்தை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஒன்று, சாட்சி சொன்னவர்களின் பெயர்ப் பட்டியல். அது அவரிடமே இருக்கும். இன்னொன்று, அடுத்த போட்டிக்கான செலக்‌ஷன் லிஸ்ட். முதல் காகிதத்தில் இருந்த பெயர்கள் இரண்டாவதில் குறைந்திருந்தால், ஒவ்வொரு பெயருக்கும் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவார்.